அடிமனையில் ஒரு தரை

வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊரில் பாதி வீடுகள் அடிமனை வீடுகள். சுவரும் கூரையும் கதவும் குடியிருப்பவருடையவை. அவை நிற்கும் மண் மட்டும் மடத்துக்குச் சொந்தம். சுவரில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். மண்ணில் ஒரு கடப்பாறை இறங்கினால் மடத்துக் காரியஸ்தர் சாயங்காலத்துக்குள் சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார். நாங்கள் உழுத வயலும் மடத்து வயல்தான். குத்தகைக்காரர்கள் பெயர் சர்க்கார் பதிவில் ஏற வேண்டும் என்று ஊர்ச் சங்கம் மனுக் கொடுத்த பிறகு அவர் இன்னும் அடிக்கடி வந்தார். சங்கத்துக்குத் தலைவர் என் அப்பா.

அந்த வருஷம் அம்மாவின் மூச்சு இளைப்பு முற்றியது. கும்பகோணம் பெரியாஸ்பத்திரி டாக்டர் மூன்று விஷயங்கள் ஆகாது என்றார்: புகை, தூசி, ஓதம். பஸ்ஸில் திரும்பும்போது இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டை அறை அறையாக நினைத்துப் பார்த்தேன். சமையல்கட்டில் சவுக்கு விறகும் வரட்டியும் எரிகின்றன, அது போயிற்று. கூடத்தில் குறுவை நெல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது; காற்றில் எப்போதும் நெல்லுச் சுணை பறக்கும்; அதுவும் போயிற்று. பின்கட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. மிச்சம் இருந்தது முன்வராண்டா ஒன்றுதான். மூன்று பக்கமும் அரைச்சுவர் வைத்து, மேலே கம்பி அழி போட்டு அடைத்தது. வடக்கே வாடை அடிக்காமல் மூங்கில் தட்டி கட்டினால் போதும். அம்மாவின் கயிற்றுக் கட்டிலை அங்கே கொண்டுவந்து போட்டேன்.

புகை இல்லை, தூசி இல்லை. ஆனால் தரை மண்தரை. தெருவை ஒட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் எங்கள் வராண்டா தானாக நனையும். மேலிருந்து ஒரு சொட்டு விழாது, கீழிருந்து ஊறும். சாணம் மெழுகி இரண்டு நாளில் அந்த மெழுகல் தோல் போல எழும்பி வரும். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம், செங்கல் பாசி பிடித்தது. அம்மாவின் தலையணையைத் திருப்பினால் கறுப்புப் புள்ளி. விடிகாலையில் அவள் எழுந்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுப்பாள். அந்தச் சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கும். ஐப்பசி மழைக்கு முன் அந்தத் தரையை மாற்றாவிட்டால் அம்மா தை மாதத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது. டாக்டர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு இன்ஜினீயரிடம் பிளான் வரையும் வேலையில் இருந்தேன். "பொம்பளைக் கொத்தனாரு வந்துட்டாங்கடி, வழிய விடுங்க" என்று பஸ் நிறுத்தத்தில் சித்தி முறையான ஒருத்தி தினமும் சொல்வாள். பிளான் வரைவது வேறு, கொத்து வேலை வேறு என்று அவளிடம் விளக்கி அலுத்துவிட்டேன். ஆனால் தரை விஷயத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் போட்டு யோசித்தேன். மொசைக் வேண்டாம்; இழைக்கிற இயந்திரம் ஊருக்குள் வராது, வந்தாலும் அந்தத் தூளை அம்மா தாங்கமாட்டாள். தட்டோடு பதித்தால் அது தண்ணீரைக் குடிக்கும். பனம்பலகை கறையானுக்குத் தீனி. கல்லுக்கலவை போட்டு மேலே காவி சேர்த்த சிமெண்டுத் தரை இழைப்பது எல்லாருக்கும் பழக்கம், ஓதத்துக்கும் நல்லது. அதைத்தான் போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

சைக்கிள் மணி கேட்டது.

"என்னம்மா, அளவெல்லாம் பலமா இருக்கு?"

"வராண்டாவுக்குத் தரை போடலாம்னுங்க ஐயா."

"தரைதான் இருக்கே."

"மண்தரைங்க. அம்மாவுக்கு ஓதம் ஒத்துக்கலை."

காரியஸ்தர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை அரைச்சுவரில் ஊன்றிக்கொண்டார். "ஒடம்புக்கு முடியலைன்னா வருத்தமாத்தான் இருக்கு. நான் இல்லைங்கல. ஆனா சிமெண்டு மூட்டை எறங்கினா அது ஒடம்புச் சமாச்சாரம் இல்லம்மா, மனைச் சமாச்சாரம். அனுமதி இல்லாம நிரந்தரமா எதுவும் கட்டக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. உங்கப்பா படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அனுமதி குடுங்களேன்."

"உங்கப்பா குடுத்த மனு மேல கேஸ் நடக்குறப்ப அனுமதியா? நல்ல புள்ளைம்மா நீ."

அவர் பொய் சொல்லவில்லை. எங்களைக் கிளப்ப மடத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. தலைவர் வீட்டையே காலி செய்ய வைத்தால் மற்றவர்களின் குத்தகை மனு தானாகக் கரைந்துபோகும். தெருமுனையில் இரண்டு கழகங்களின் கொடிக்கம்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆட்சி மாறும்போது எந்தக் கம்பத்தில் புதுக் கொடி ஏறும் என்பது மாறும். காரியஸ்தர் மாறமாட்டார். முந்தைய அறுவடையின்போது அவர் வெளியூர் ஆட்களை வேனில் இறக்கி, போலீஸ் காவலோடு எங்கள் பங்காளி வயலை அறுத்துக்கொண்டு போயிருந்தார். தடுக்கப் போனவருக்கு முழங்கை முறிந்தது. அது சரியாகக் கூடவில்லை.

ஆகவே இரண்டும் சேர்ந்த ஒரு தரை வேண்டும்: ஓதத்தை நிறுத்த வேண்டும், நிரந்தரமாகவும் இருக்கக் கூடாது. அலுவலகத்தில் வரைந்துகொண்டிருந்தபோது பதில் கிடைத்தது. கடப்பாக் கல். சிமெண்டு இல்லாமல், வெறும் மணல்மேல்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார். "ஒட்டாம எப்படி நிக்கும்?"

"அதோட கனத்துலயே நிக்கும்பா. அடியில ஒடைச்ச செங்கல், அதுக்கு மேல யூரியாச் சாக்கோட உள்பையைக் கிழிச்சு விரிச்சிடலாம், மேல மணல். ஓதம் பிளாஸ்டிக்கைத் தாண்டி வராது. கல்லு சும்மா உக்காந்திருக்கும்."

"காரியஸ்தன் கேட்டா?"

"கட்டலையே. வச்சிருக்கோம். நாளைக்கே போகச் சொன்னாலும் பேத்து வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடலாம்."

அதை நான் ஒரு சௌகரியமாகத்தான் சொன்னேன். அப்பா எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அவருக்குப் பட்டா வேணும் ஆயி" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்து. "எனக்கு மூச்சு விட எடம் போதும். நீ கல்லைப் போடு."

புரட்டாசிக் கடைசியில் போட்டு முடித்தோம். காரியஸ்தர் வந்தார். குடைக்கம்பியின் நுனியைக் கல்லின் இடுக்கில் விட்டு நெம்பிப் பார்த்தார். கல் எழும்பியது, அடியில் மணல் தெரிந்தது. குடையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மழை பிடித்தது, வாய்க்கால் நிறைந்தது, எங்கள் வராண்டா காய்ந்தே இருந்தது. அம்மா தலையணையில் புள்ளி வரவில்லை. கல் ஜில்லென்று இருப்பதாகக் குறை சொன்னாள்; காலை வைத்தால் ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி வெடுக்கென்கிறது, பொம்பளைக் கொத்தனார் இதை யோசிக்கவில்லையா என்று கேட்டாள். சாக்கை மடித்துப் போட்டேன். கார்த்திகையில் அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்காமல் யாரையோ திட்டினாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

பேச்சு டீக்கடையில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். என் காதுக்கு வந்தது எங்கள் வராண்டாவிலேயே. சங்கத்து ஆட்கள் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவை மாமா என்று கூப்பிடும் ஒருவர் பாதத்தால் ஒரு கல்லை அழுத்தினார். லொடக் என்றது.

"என்ன மாமா, கல்லு ஆடுது?"

"மணல்மேல கெடக்கு. போகப் போகப் படிஞ்சிரும்" என்றார் அப்பா.

"படியறதுக்குள்ள வண்டி வந்துருமா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"என்னடா பேசுற?"

"நான் பேசலை மாமா, ஊரு பேசுது. மூட்டை கட்டுற ஆளு சாமானை ஒட்ட வைப்பானாங்குறான் டீக்கடையில. தலைவரே பேத்தெடுக்குற தரை போட்டுருக்காரு, மடத்தோட பேசி முடிச்சிட்டாரு, கும்மோணத்துல மனை வாங்கிட்டாரு, பொண்ணு அங்கதான வேலை பாக்குதுங்குறான்."

முழங்கை முறிந்தவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்டுல பொம்பளைங்களே கேக்குறாங்கண்ணே. அவருக்கே இந்த மண்ணு நெலைக்காதுன்னா நாம எதுக்கு அடி வாங்கணும்னு."

"அது எங்கம்மாவுக்காகப் போட்டதுங்க" என்றேன்.

"தெரியும்மா. பாத்தாத் தெரியுது. ஆனா தெருவுல போறவனுக்குத் தரைதான் தெரியுது."

அடுத்த வாரம் இரண்டு குடும்பங்கள் மடத்துக்குப் போய், குத்தகையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டன. சம்பா கதிர் வாங்கியிருந்தது. இன்னும் நாலைந்து பேர் போனால் அறுவடைக்கு வேன் வரும், தடுக்க ஆள் இருக்காது. அப்பா அன்று சாப்பிடவில்லை. ஆளும் கட்சிக் கிளைச் செயலாளர் வந்து உட்கார்ந்து, "ஆட்சி நம்ம ஆட்சிண்ணே. கெட்டித்தரையாப் போடுங்க. எவன் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

"சிமெண்டு போட்டுருவோம்" என்றார் அப்பா.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கல்லை எடுக்க வேண்டும், மணலை அள்ள வேண்டும், கலவை கொட்ட வேண்டும், காவி இழைக்க வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். மார்கழிப் பனியில் லேசில் காயாது. அதுவரை அம்மா எங்கே படுப்பாள்?

"கூடத்துல."

"சுணை பறக்குதேப்பா. பக்கத்துலயே அடுப்பு."

"கொஞ்ச நாளைக்குத்தானே."

"கும்பகோணத்துல சித்தப்பா வீட்டுல கொண்டுபோய் விடறேன். தரை காஞ்சதும் கூட்டிட்டு வர்றேன்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "கட்டிலோட உங்கம்மாவைக் கார்ல ஏத்துறதை இந்தத் தெரு பாத்தா என்ன சொல்லும்? மொதல்ல கல்லு, இப்பப் பொண்டாட்டி. அடுத்தது அவன்தான்னு சொல்லமாட்டானுங்க?"

அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மாதான் முடித்துவைத்தாள். "போடட்டும் விடு ஆயி. இன்னும் நாலு பேரு கையெழுத்துப் போட்டுட்டா உங்கப்பா தலை நிமிர மாட்டாரு. அப்பறம் எனக்கு மூச்சு வந்து என்ன, வராம என்ன."

"அப்படிப் பேசாத."

"சரி, நல்லாப் போடச் சொல்லு. நடந்தா வழுக்கக் கூடாது."

தரை போட்ட அன்று தெருவே வந்தது. கூப்பிடாமல் மண்வெட்டியோடு வந்தார்கள். லொடக் என்று கல்லை அழுத்தியவர்தான் முதல் பாண்டுக் கலவையைத் தூக்கினார். யாரோ வடை வாங்கிவந்தார்கள். கொத்தனார் காவியைக் கலந்து மட்டப்பலகையால் இழைக்க இழைக்கத் தரை செக்கச்செவேலென்று எழுந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பா எல்லாருக்கும் தெரியும்படி வாசல்படியில் நின்றார். கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நெல் மூட்டைகளுக்கு நடுவில் அம்மாவின் கட்டில்.

மறுநாள் கொத்தனார் களிமண்ணை உருட்டித் தரையின் ஓரங்களிலும் குறுக்கேயும் சின்னச் சின்ன வரப்புப் பிடித்துத் தண்ணீர் நிறுத்தினார். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நின்றது. "நாத்து விட்டுரலாம் போல இருக்கே" என்று சித்தாளாக வந்திருந்த பெண் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினேன். மூட்டைகள்மேல் ஈரத்துணி விரித்தேன். கொல்லைக்கதவைத் திறந்து வைத்தால் வாடை நேராக அம்மாமேல் அடித்தது, சாத்தினால் சுணை. பாதி திறந்து பாதி சாத்தி, துணியைத் தொங்கவிட்டு, எதை எதையோ செய்துபார்த்தேன். பிறகு மார்கழியில் பெய்யக் கூடாத மழை பெய்தது. கொல்லை அடுப்பு கரைந்தது. விறகு நனைந்தது. நனைந்த விறகைச் சமையல்கட்டில் வைத்து ஊதினால் புகை வேறெங்கே போகும்? ஒரு நாள் சமைக்காமல் இருந்தோம். மறுநாள் அம்மாவுக்கே கஞ்சி வைக்க வேண்டியிருந்தது.

அவள் படுப்பதை விட்டுவிட்டாள். இரண்டு மூட்டைகளுக்கு இடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். மாத்திரையை ஊசியாக மாற்றினார்கள். வலங்கைமானிலிருந்து ஒரு கம்பவுண்டர் வந்து போட்டுவிட்டுப் போனார். அப்பா கூடத்துக்குள் வரும்போதெல்லாம் "இன்னும் ரெண்டு நாள்ல தண்ணிய வடிச்சிரலாம்" என்பார். அம்மா தலையை ஆட்டுவாள். பேசுவதற்குச் செலவழிக்க அவளிடம் மூச்சு இல்லை. கதவு இடுக்கு வழியாக வராண்டாவைக் காட்டச் சொல்லி ஒருமுறை கையால் சைகை செய்தாள். திறந்து காட்டினேன். தண்ணீருக்கு அடியில் சிவப்பாகத் தெரிந்தது. பார்த்துவிட்டு, சாத்து என்று கையை அசைத்தாள்.

ஒரு மத்தியானம் அவள் உதடு நீலமாகிவிட்டது. டாக்ஸி எடுத்துவர ஒருவர் சைக்கிளில் போனார். டாக்ஸி வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் சேற்றில் நின்றுவிட்டது, அதற்குமேல் வரவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று நாலு பேர் கால்மாட்டிலும் தலைமாட்டிலும் பிடித்தார்கள். நான் நாடியைப் பார்த்தேன். "எறக்கிடுங்க" என்றேன்.

கூடத்தில் கிடத்த இடமில்லை. வாசலில் மழை. வராண்டாவில்தான் கிடத்த வேண்டும். அங்கே தண்ணீர் நின்றது. வந்தவர்கள் படியில் ஏறாமல், என்ன செய்வது என்று அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, தாழ்ந்த மூலையாகப் பார்த்து, வரப்பைக் கையால் உடைத்தார். தண்ணீர் பாத்தி பாத்தியாக வடிந்து படி வழியாகத் தெருவுக்குப் போனது. ஓடிய தண்ணீர் சிவப்பு. வைக்கோலால் துடைத்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு வந்தது.

காவி இன்னும் பிடிக்கவில்லை. வந்து போனவர்களின் பாதம் எல்லாம் சிவந்தது, பெண்களின் புடவைக் கரை சிவந்தது, தெரு நெடுகச் சிவப்புத் தடம் போனது. கையெழுத்துப் போட்ட இரண்டு குடும்பத்துப் பெண்களும் வந்து அழுதார்கள். கிளைச் செயலாளர் மாலை கொண்டுவந்தார். காரியஸ்தரும் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறி வந்து, அம்மா காலடியில் மாலையை வைத்துக் கும்பிட்டார். திரும்பும்போது அவர் கண் தரையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய் நின்றது.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றார் அப்பா. "ஒட்டித்தான் போட்டிருக்கு."

"இப்ப எதுக்குங்க அது" என்று சொல்லிவிட்டுக் காரியஸ்தர் செருப்பைத் தேடினார். கருமாதி முடியும் வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வரவில்லை. அந்த மரியாதையை மடம் காப்பாற்றியது. கிளைச் செயலாளரை அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பார்க்க முடியவில்லை.

வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தையில் வேன் வரவில்லை. எங்கள் ஆட்களே அறுத்தார்கள். அப்பாவுக்கு அது கிடைத்தது. அவர் அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை.

அம்மாவை எடுத்த அன்று, ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு நாங்கள் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தோம். சாவு எடுத்த வீட்டை உடனே கழுவ வேண்டும். கூடத்திலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தோம். ஒருத்தி குடத்தைக் கவிழ்க்கத் தயங்கினாள். "புதுத் தரையாச்சே, ஊத்தலாமா?"

"ஊத்துங்கக்கா" என்றாள் அந்தச் சித்தாள் பெண். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு வேணாலும் ஊத்துங்க. அதுக்கு இன்னும் தண்ணி வேணும்."

அவள் சொன்னது சரி. வரப்பை உடைத்ததிலிருந்து தரை காய்ந்துகொண்டிருந்தது, மூலையில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். இருட்டும்வரை கொண்டுவந்து ஊற்றினேன்.